எட்டுப் பேர், ஒரு படகு, ஆறு வாரம்: ஆகுமா?

வாசகி கேட்டது:

வணக்கம் அண்ணா. நாங்கள் மில்ட்டன் கீன்ஸில் இருக்கிறோம். நான், கணவர், 11 வயது மகள், 7 வயது மகன். இந்தக் கோடைக்குக் கோவில்பட்டியிலிருந்து அத்தை வருகிறார்கள். வயது 66, முழங்கால் வலி உண்டு. கணவரின் கல்லூரி நண்பரும் அவர் மனைவியும் 3 வயதுக் குழந்தையோடு எங்களுடன் சேர்ந்துகொள்கிறார்கள். பள்ளி விடுமுறை ஆறு வாரமும் கால்வாயில் ஒரு நேரோபோட்டிலேயே (கால்வாய்க்கென்றே கட்டிய குறுகலான நீளப் படகு) வாழ்ந்து பார்க்கலாம் என்பது திட்டம். தெரிந்தவர் ஒருவரிடம் 60 அடிப் படகு இருக்கிறது. எட்டுப் பேர் படுக்கலாமாம், வாரத்துக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்தால் போதும் என்கிறார். எங்களில் யாருக்கும் படகு ஓட்டத் தெரியாது. கணவருக்கும் நண்பருக்கும் நீச்சல் தெரியாது. ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இது நடக்கிற காரியமா? சமையல், கழிப்பறை, அத்தையின் சௌகரியம் எல்லாவற்றையும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

என் பதில்:

அன்புள்ள சகோதரி,

நடக்கிற காரியம்தான். ஆறு வாரம் படகில் இருப்பது நல்ல யோசனை. எட்டுப் பேரும் ஆறு வாரமும் ஒன்றாக இருப்பதைத்தான் நான் வேண்டாம் என்பேன். கால்வாயில் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். குடும்பத்தோடும் நண்பர்களோடும் கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓட்டத் தெரியாததால் பயணத்தைப் பாதியில் விட்டவர்கள் குறைவு. இடம் போதாமல் மனசு கசந்து பாதியில் திரும்பியவர்கள்தான் அதிகம். ஆகவே படகைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு ஆட்களைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. "வாரத்துக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்தால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிடுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்கிய படகை வாடகைக்கு விட அனுமதி கிடையாது. வாடகைப் படகுக்கு உரிமமும் தனி, பாதுகாப்புச் சோதனையும் தனி, காப்பீடும் தனி. பணம் கைமாறிய பிறகு நாளைக்கு ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். உங்களோடு ஒரு 3 வயதுக் குழந்தை வருகிறது, அந்தத் துணிச்சல் வேண்டாம். அவர் நிஜமாகவே வேண்டியவர், வாடகை வாங்காமல் கொடுக்கிறார் என்றால் பேசலாம். அப்போதும் ஓட்டப்போகிறவர்களின் பெயரைத் தன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சரி என்று எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் உரிமம் நடப்பில் இருக்கிறதா, நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று இரண்டு தாளையும் கண்ணால் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அதன் பொத்தானை நீங்களே அழுத்தி, சத்தம் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அவர் தயங்கினால் முறையான வாடகைப் படகுக்குப் போங்கள். ஆகஸ்டில் பெரிய படகுக்கு வாரத்துக்கு 2,000 பவுண்டு, அதற்கு மேலும் கேட்பார்கள். ஆறு வாரம் கட்டுப்படியாகாது. இரண்டு வாரம் எடுத்து நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம். நான் கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டு வாரத்துக்கும் பொருந்தும்.

இப்போது "எட்டுப் பேர் படுக்கலாம்" என்பதற்கு வருகிறேன். நேரோபோட்டின் வெளி அகலம் 6 அடி 10 அங்குலம். உள்ளே 6 அடி மிஞ்சினால் பெரிது. 60 அடி நீளத்தில் முன்தளம், பின்தளம், இன்ஜின், குளியலறை, சமையலறை போக மீதிதான் உட்காரவும் படுக்கவும். எட்டுப் படுக்கை என்றால் நிலையான கட்டில் பெரும்பாலும் நான்கு பேருக்குத்தான் இருக்கும். மற்றவர்கள் சாப்பாட்டு மேஜையை இறக்கி அதன்மேல் மெத்தை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சோபாவை இழுத்துப் போட வேண்டும். மேஜையில் படுக்கிறவர் மற்ற எல்லோரும் பேசி முடித்து எழுந்து போகும்வரை படுக்க முடியாது. காலையில் முதல் ஆள் காபி போட எழுந்ததும் அவரும் எழுந்தாக வேண்டும். சும்மா ஒரு வாரம் என்றால் சிரித்துக்கொண்டே சமாளித்துவிடலாம். மூன்றாவது வாரத்தில் சிரிப்பு வராது. அந்த மேஜை யாருக்குப் போகும்? விருந்தாளி கூச்சத்தோடு "நாங்கள் இங்கே படுத்துக்கொள்கிறோம்" என்பார். உங்கள் கணவரின் நண்பர் குடும்பத்துக்குத்தான் போகும். அவர்களுடைய குழந்தை எட்டு மணிக்கே தூங்குகிற குழந்தை என்றால் மொத்தப் படகும் எட்டு மணிக்கு வாயை மூட வேண்டும். நட்பில் கீறல் விழுகிற இடம் இதுதான்.

அதனால் ஆட்களைப் பிரியுங்கள். ஆறு வாரமும் படகில் இருப்பது உங்கள் குடும்பம். நண்பர் குடும்பம் மூன்றாவது, நான்காவது வாரம் மட்டும் வரட்டும். அந்த இரண்டு வாரத்தில் அத்தை, லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ உறவினர் வீடு இருந்தால் அங்கே போய்வரட்டும். ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் இரவு தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு ஆனால் பரவாயில்லை, எட்டு வேண்டாம். இதை நண்பரிடம் சொல்ல உங்கள் கணவருக்குச் சங்கடமாக இருக்கும், தெரியும். "பயிற்சியாளர் சொல்லிவிட்டார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இருக்கும் ஊரே இதற்கு அருமையான இடம். கிராண்ட் யூனியன் கால்வாய் உங்கள் ஊருக்குள்ளேதான் வளைந்து போகிறது. ஃபென்னி ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு லாக் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி) இருக்கிறது, நீர்மட்ட வித்தியாசம் ஓர் அடி சொச்சம்தான். அங்கிருந்து காஸ்க்ரோவ் வரை ஏறக்குறைய 10 மைல் தூரம் லாக்கே கிடையாது. முதல் வாரம் முழுக்க இந்தப் பத்து மைலுக்குள் போய்ப் போய்த் திரும்புங்கள். படகைக் கரையோரம் அணைப்பது, கயிறு கட்டுவது, எதிரே வரும் படகுக்கு வலப்பக்கம் ஒதுங்குவது, திருப்புவதற்கென்று அகலப்படுத்திய இடத்தில் படகைத் திருப்புவது, எல்லாம் இங்கேயே பழகிவிடும். மறந்துபோன மருந்தை எடுக்கவும் துணி துவைக்கவும் வீடு இருபது நிமிடத்தில் இருக்கிறது. முக்கியமாக, அத்தைக்கு ஒத்துவரவில்லை என்றால் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். காரில் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டு, பகலில் மட்டும் படகுக்கு அழைத்து வரலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

இரண்டாவது வாரம் காஸ்க்ரோவ் லாக்கில் ஏறி வடக்கே கிளம்புங்கள். ஸ்டோக் புரூயர்னில் ஏழு லாக்குகள் வரிசையாக ஏறும். மேலே பழைய தானியக் கிடங்கில் கால்வாய் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதைத் தாண்டியதும் பிளிஸ்வொர்த் சுரங்கம். 1805-இல் திறந்தது, நீளம் 2,800 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். உள்ளே நடைபாதை கிடையாது. அரை மணி நேரத்துக்கு மேல் இருட்டில் போகும், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும், எதிரே இன்னொரு படகு வந்து உரசாமல் விலகிப் போகும். அகலம் இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஓட்டுகிறவர் மழைக்கோட்டு போட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகள் உள்ளே இருக்கட்டும், கையோ தலையோ ஜன்னலுக்கு வெளியே வரக்கூடாது.

அப்புறம் கேட்டன் வழியாக பக்பி லாக்குகள், நார்ட்டன் சந்திப்பு. அங்கே லெஸ்டர் பக்கம் திரும்பி வாட்ஃபோர்டின் ஏழு லாக்குகளையும் ஏறிவிட்டால் (இது லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் வாட்ஃபோர்ட் இல்லை, நார்தாம்ப்டன்ஷயர் கிராமம்) மேலே 20 மைல் தூரத்துக்கு மேல் ஒரு லாக்கும் இல்லை. நான் கூட்டிப்போகிறவர்களுக்கு மிகவும் பிடித்த நீர்வழி இதுதான். ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு பக்கமும் ஆடு மேய்கிற மேடுகள், கோதுமை வயல்கள். கால்வாய் மேட்டைச் சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல் போகும். அதன் முடிவில் ஃபாக்ஸ்டன்: ஐந்து ஐந்தாகப் பத்து லாக்குகள் மலைச்சரிவில் படிபோல இறங்கும். நீங்கள் இறங்க வேண்டாம். மேலே கட்டிவிட்டு நாள் முழுக்க வேடிக்கை பாருங்கள், அத்தைக்கு உட்கார பெஞ்ச் இருக்கிறது. நண்பர் குடும்பம் வருகிற இரண்டு வாரம் இந்த லாக் இல்லாத நீளத்தில் இருக்கும்படி வைத்துக்கொண்டால் புதிதாக வந்தவர்களுக்கும் சிரமம் இல்லை, சின்னக் குழந்தையோடு லாக் ஓரத்தில் நிற்கும் கவலையும் குறையும்.

தூரத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம், நிஜத்தில் 3. ஒரு லாக்கை ஒரு மைல் என்று கணக்கு வைத்து மொத்தத்தை மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வந்துவிடும். ஃபென்னி ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஃபாக்ஸ்டன் மேல்முனை வரை இப்படிப் பார்த்தால் ஒரு வழிக்கு இருபத்தைந்து மணி நேரம், முன்னே பின்னே. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் ஒரு வாரத்தில் போய்விடலாம். உங்களுக்கு ஆறு வாரம் இருக்கிறது. அதனால் ஒரு நாள் ஓட்டி ஒரு நாள் நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் பொதுவாக 14 நாள் வரை ஒரே இடத்தில் கட்டலாம். கூட்டம் வருகிற இடங்களில் 48 மணி நேரம் என்று பலகை இருக்கும், அதை மதியுங்கள்.

மழை பொய்த்தால் லாக்கை மூடிவிடுவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை லாக் திறக்கும்போதும் மேட்டு நீர் கீழே போகிறது, மேட்டுக்கு நீர் தருவது ஏரிகள்தான். 2025 கோடையில் ஏரிகள் வற்றி, இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் பல கால்வாய்களை மூட வேண்டி வந்தது. டிரஸ்டின் இணையதளத்தில் மூடல் அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பாருங்கள். மேலே ஏறி மாட்டிக்கொள்வதைவிட மில்ட்டன் கீன்ஸ் நீளத்திலேயே விடுமுறையை முடிப்பது மேல்.

ஓட்டத் தெரியாதது பெரிய விஷயமில்லை. இங்கே கால்வாயில் சொந்தப் படகு ஓட்ட ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. ஆனால் தேவையில்லை என்பதற்காகக் கற்றுக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். ஆர்.ஒய்.ஏ. (ராயல் யாட்டிங் அசோசியேஷன் என்ற படகோட்டிகள் சங்கம்) நடத்தும் உள்நாட்டு நீர்வழிப் பயிற்சி ஒன்றிரண்டு நாளில் முடிகிறது. என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை, உங்கள் பக்கத்திலேயே யாராவது இருப்பார்கள். இரண்டு பேர் போங்கள், அதில் ஒருவர் நீங்களாக இருங்கள். தமிழ்க் குடும்பங்கள் மட்டுமில்லை, எல்லாக் குடும்பங்களிலும் ஒரே காட்சிதான்: ஆண் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பெண் லாக்கில் இறங்கி அந்தப் பெரிய மரக்கதவை முதுகால் தள்ளிக்கொண்டிருப்பார். ஓட்டுவதற்குப் பலம் வேண்டாம், கவனம்தான் வேண்டும். பலம் வேண்டியது கதவுக்கு. நீங்கள் ஓட்டுங்கள், அவர்கள் இரண்டு பேரும் கதவைத் தள்ளட்டும். லாக்குக்குள் மட்டும் ஒருவர் சொல்வதுதான் சட்டம். யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். "நிறுத்து" என்று 11 வயது மகள் கத்தினாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

லாக்கில் நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயம் ஒன்றுதான், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லாக்கின் மேல்கதவுக்கு அடியில், உள்பக்கமாக நீட்டிக்கொண்டு ஒரு கல் திண்டு இருக்கும். அதை "சில்" என்பார்கள். லாக் நிறைந்திருக்கும்போது அது தண்ணீருக்குள், கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் கீழே இறங்கும்போது தண்ணீர் வடிய வடிய, படகின் பின்பக்கம் அந்தத் திண்டின் மேல் இருந்துவிட்டால் பின்பக்கம் அங்கேயே தொங்கும், முன்பக்கம் இறங்கிக்கொண்டே போகும். சில நிமிடத்தில் படகு மூழ்கிவிடும். எங்கே வரை திண்டு என்பதற்கு லாக் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் படகை நிறுத்தி, ஓட்டுகிறவர் திரும்பித் திரும்பிக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொங்குகிற மாதிரி தெரிந்தால் உடனே கீழ்ப்பக்க மடைகளை மூடிவிட்டு, மேல்பக்க மடையை மெதுவாகத் திறந்து நீரை ஏற்ற வேண்டும். வாட்ஃபோர்ட், ஃபாக்ஸ்டன் போன்ற அடுக்கு லாக்குகளில் மடைக்குச் சிவப்பு, வெள்ளை என்று நிறம் அடித்திருப்பார்கள். முதலில் சிவப்பு, பிறகுதான் வெள்ளை. இரண்டு இடத்திலும் லாக் காவலர்கள் இருப்பார்கள். படகை நிறுத்திவிட்டு முதலில் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், கூடவே வந்து உதவுவார்கள்.

மற்றபடி, படகின் எடை 15, 20 டன். மோதப் போகிறது என்றால் மோதட்டும், காலையோ கையையோ குறுக்கே கொடுக்கக்கூடாது. நீச்சல் தெரியாதவர்களும் பிள்ளைகளும் உள்ளிருந்து கதவைத் தாண்டி வெளியே வரும்போதே உயிர்காப்பு அங்கி போட்டிருக்க வேண்டும். கால்வாயின் நடுவில் பெரும்பாலும் இடுப்பளவோ மார்பளவோதான் ஆழம், ஆனால் லாக் அப்படியில்லை. 3 வயதுக் குழந்தைக்கு அளவான அங்கியை நண்பர் இப்போதே வாங்கிப் போட்டுப் பழக்கட்டும். குழந்தைக்குப் பொறுப்பு யார் என்பது எப்போதும் ஒரே ஒரு ஆளின் பெயராக இருக்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்டர் போட்டு மூடுங்கள், கால்வாய்த் தண்ணீரைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம். எலிச் சிறுநீரால் தண்ணீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் இங்கேயும் உண்டு. ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் கடுமையான காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் கால்வாயில் இருந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். தினமும் இரவு கட்டிய இடத்துக்குப் பக்கத்துப் பாலத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டிவைக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். ஒவ்வொரு பாலத்துக்கும் எண் உண்டு. 999-க்கு அழைக்க வேண்டி வந்தால் தெருப்பெயர் கிடையாது, அந்த எண்தான் உங்கள் முகவரி.

கழிப்பறை பற்றிக் கேட்டதற்கு நன்றி. பலர் வெட்கப்பட்டுக் கேட்காமல் போய் அவதிப்படுகிறார்கள். படகில் இரண்டு வகை. ஒன்று கேஸட்: சூட்கேஸ் மாதிரி உருவி எடுத்துக் கொண்டுபோய் அதற்கான இடத்தில் கொட்ட வேண்டும். கொள்ளளவு 20 லிட்டர் அளவில்தான். இன்னொன்று பெரிய தொட்டி வைத்தது, படகுத் துறையில் பணம் கட்டி மோட்டார் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். சொம்பில் ஊற்றிக் கழுவினால் ஆறு பேருக்குக் கேஸட் ஒரு நாள்கூடத் தாங்காது. ஆகவே முடிந்தவரை தொட்டி வைத்த படகாகப் பாருங்கள். கேஸட்தான் கிடைக்கிறது என்றால் கூடுதலாக இரண்டு கேஸட் கேட்டு வாங்குங்கள், சொம்புக்குப் பதிலாகப் பீய்ச்சுகிற சின்னப் பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கால் பங்குதான் செலவாகும். கேஸட் கொட்டுவதை முறை வைத்துச் செய்யுங்கள், ஆண்களில் இருந்து ஆரம்பிக்கட்டும்.

குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் படகில் இருக்கிற ஒரே தொட்டித் தண்ணீர்தான். பெரும்பாலும் 400, 500 லிட்டர் பிடிக்கும். வீட்டில் மாதிரி ஷவரில் நின்றால் ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். கரையில் தண்ணீர்க் குழாய் பார்த்தால் தொட்டி பாதி இருந்தாலும் நிறுத்தி நிரப்புங்கள். அடுத்த குழாய் எங்கே என்று தெரியாமல் தாண்டிப் போக வேண்டாம்.

சமையலுக்குக் கேஸ் அடுப்பு இருக்கும், குக்கரில் சாதம் சாம்பார் எல்லாம் நன்றாகவே செய்யலாம். மிக்ஸியை இன்ஜின் ஓடும்போது மட்டும் போடுங்கள், அதுவும் இன்வெர்ட்டர் எத்தனை வாட் தாங்கும் என்று பார்த்த பிறகு. தோசை மாவு புளிக்கவில்லையே என்று இங்கே எல்லோரும் கவலைப்படுவார்கள். படகில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி இன்ஜின் ஓடின நாளெல்லாம் கதகதவென்று இருக்கும். மாவுப் பாத்திரத்தை மூடி இரவு அங்கே வைத்துவிட்டால் காலையில் பொங்கி நிற்கும். பாத்திரத்தைக் கொஞ்சம் பெரிதாக எடுங்கள், அந்த அலமாரியில் மாவு வழிந்தால் துடைப்பது கஷ்டம். பொரியல், அப்பளம் என்று எண்ணெய் காய்ச்சுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். புகை போக இடமில்லை, நீராவி முழுக்க ஜன்னலில் வழிந்து மெத்தையை நனைக்கும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் நேராகக் கால்வாயில்தான் விழுகிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் தாளால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகே கழுவுங்கள், அங்கே வாத்துக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருக்கும். குளிர்கிறது என்று கூரையிலும் கதவிலும் உள்ள காற்றுத் துளைகளை யாரும் துணியால் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அணைந்த மாதிரி தெரிகிற பார்பிக்யூ அடுப்பையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

அத்தை விஷயம். கிளம்புவதற்கு முன் ஒருநாள் அவர்களைப் படகுக்குக் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். கரையிலிருந்து தளத்துக்கு ஒரு எட்டு, தளத்திலிருந்து உள்ளே செங்குத்தாக மூன்று நான்கு படி. முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்தப் படிதான் தடை, படகு ஆடுவது அல்ல. படியில் பின்பக்கமாக, ஏணியில் இறங்குவது போல இறங்கச் சொல்லிக்கொடுங்கள். நிலையான கட்டில், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருப்பது, அவர்களுக்குத்தான். மேஜைப் படுக்கையைக் காட்டவே வேண்டாம். பகலில் முன்தளத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். இன்ஜின் சத்தம் பின்னால் இருப்பதால் முன்னால் தண்ணீர் விலகும் சத்தம் மட்டும்தான் கேட்கும். படகு நடக்கிற வேகத்தில்தான் போகிறது, கரையில் நாயோடு போகிறவர்கள் ஒவ்வொருவரும் வணக்கம் சொல்வார்கள், அத்தை கையசைத்தால் போதும். ஒன்றே ஒன்று கவனமாக இருங்கள்: ஊருக்கு வந்த இடத்தில் சமையல் மொத்தமும் அவர்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது. சின்ன அடுப்பறையில் நின்றே இருந்தால் வலி கூடும். ஒருநாள் விட்டு ஒருநாள் இரவுச் சமையல் ஆண்களுடையது என்று முதல் நாளே எழுதி ஒட்டுங்கள்.

பணத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். டீசல், கேஸ், தொட்டி உறிஞ்சும் கட்டணம், மளிகை எல்லாவற்றுக்கும் ஒரு டப்பாவில் இரண்டு குடும்பமும் சமமாகப் போட்டு, அதிலிருந்து மட்டும் எடுங்கள். ஏதாவது உடைந்தால் யார் உடைத்தது என்று தேடாமல் டப்பாவிலிருந்து போகட்டும். அப்புறம், தினமும் ஒரு மணி நேரமாவது ஒவ்வொருவரும் தனியாக இருக்க வழி செய்யுங்கள். அதற்குக் கரைப்பாதை இருக்கிறது: ஒருவர் இறங்கி நடந்தால் அடுத்த பாலத்தில் படகு வந்து ஏற்றிக்கொள்ளும். நண்பர் மனைவிக்கு இது மிக அவசியம். சின்னக் குழந்தையோடு அடுத்தவர் குடும்பத்துக்குள் வந்து இருக்கிறவர் அவர்தான். குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவரை நடக்க அனுப்புங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். படகுக்காரருக்கு ஃபோன் போட்டு நான்கு விஷயம் கேளுங்கள்: வாடகை வாங்காமல் தருவாரா, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதி வாங்குவாரா, நிலையான கட்டில் எத்தனை, கழிப்பறை எந்த வகை. முதல் இரண்டுக்கும் இழுத்துப் பேசினால் அவரிடம் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். ஆகஸ்ட் வாடகைப் படகுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், தாமதிக்க வேண்டாம். அவர் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள், படகின் உள்வரைபடம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். யார் எங்கே படுப்பது என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்